மொட்டை மாடியில் பெரிய போன்சாய்: கை தூக்குவதற்கு முன் மண்ணையும் தொட்டியையும் பார்ப்போம்

(ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் நடந்த தோட்ட ஆர்வலர் சந்திப்பில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. "போன்சாய் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நான் பத்து நிமிஷத்தில் முடிப்பேன் என்று என் வீட்டில் யாரும் நம்பவில்லை.

கிளை வளைப்பது, கம்பி கட்டுவது பற்றியெல்லாம் இன்று பேசப்போவதில்லை. மண், தொட்டி, இந்த இரண்டு மட்டும்தான். காரணம் உங்களுக்கே தெரியும். செக்யூரிட்டி அறைக்கு இரண்டு பக்கமும் நின்ற பெரிய புளிய போன்சாய் இரண்டும் நவம்பர் மழையில் போய்விட்டன. இப்போது கமிட்டிக்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஏ பிளாக் மொட்டை மாடியில் ஆறு பெரிய போன்சாய், ஒவ்வொன்றும் நாலடி உயரம், சிமெண்ட் தொட்டி, செம்மண்ணும் எருவும் கலந்த கலவை, அடியில் ஜல்லி. அடுத்த பொதுக்குழுவில் அதற்குக் கை தூக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு முன்னால் செத்துப்போன அந்த இரண்டு மரங்களும் என்ன சொல்லிவிட்டுப் போயின என்று பார்த்துவிடலாம்.

மரங்கள் பட்டுப்போனதும் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதினோம் என்று நினைவிருக்கும். "தோட்டக்காரர் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கொன்றுவிட்டார்." புளிய மரத்தை வாசலில் வைத்தால் இப்படித்தான் ஆகும், முனி குடியேறும் என்று எழுதியவர்களும் உண்டு. முனியைப் பற்றி எனக்குத் தெரியாது. தோட்டக்காரரைப் பற்றித் தெரியும். டிசம்பரில் அந்தத் தொட்டிகளைக் காலி செய்தபோது அவரோடு நானும் இருந்தேன். ஆறு பேர் தூக்கிப் பார்த்தும் தொட்டி அசையவில்லை. கடைசியில் கடப்பாரையால் குத்தித்தான் மண்ணை எடுத்தோம். மேலே நாலு விரல் ஆழத்துக்கு மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதற்குக் கீழே கறுப்புச் சேறு, சாக்கடை நாற்றம். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தது. அந்தச் சேற்றுக்கும் கீழே, கொட்டேஷனில் "வடிகாலுக்காக" என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஜல்லி அடுக்கு போட்ட நாளில் இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது. அதுவரை ஒரு வேர்கூட இறங்கவில்லை.

தண்ணீர் ஏன் ஜல்லிக்கு இறங்காமல் மேலேயே நின்றது? வீட்டில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடிக்கிறேன். சொட்டுவது நின்றுவிட்டது பாருங்கள். இதையே இப்போது நெட்டுக்குத்தாக நிறுத்துகிறேன். மறுபடியும் சொட்டுகிறது. நான் பிழியவில்லை. எந்த மண்ணானாலும் அதன் அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் வடியாமல் தங்கிவிடும். அந்தப் பட்டை எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது மண் துகளின் பருமன்தான். தொட்டியின் ஆழம் அதை மாற்றாது. பொடி மண்ணில் ஒரு சாண் உயரம்கூட நிற்கும். 5 மி.மீ. பருமனுள்ள குருணையில் ஓரிரு விரற்கடைதான். அடியில் ஜல்லி போட்டாலும் அந்தப் பட்டை மறையாது. மேலே உள்ள பொடி மண் முழுக்க நிறையும் வரை ஒரு சொட்டையும் கீழே விடாது. ஜல்லி போட்டதில் நடந்தது ஒன்றே ஒன்று: சேற்றுப் பட்டை நாலு அங்குலம் மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

போன்சாய் தொட்டி இயல்பிலேயே தாழ்வானது, அதாவது தட்டையாகப் பிடித்த ஸ்பாஞ்ச். அதில் தோட்டத்து மண்ணைப் போட்டால் வேர் பாதித் தொட்டியில் மூச்சுத் திணறும், மீதிப் பாதியில் தாகத்தில் தவிக்கும். ஐப்பசி மழையில் அந்த இரண்டு தொட்டிகளுக்கும் யாரும் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஊற்றியது வானம். ஆகவே தோட்டக்காரர் மேல் தவறில்லை. குரூப்பில் எழுதியவர்கள் அவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, எந்த மண்? ஜப்பானில் 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவில் இருந்த போன்சாய் வளர்ப்பவர்கள் சிலர், நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் தேடி ஓமியா என்ற இடத்துக்குப் பெயர்ந்து, 1925இல் அங்கே ஒரு போன்சாய் கிராமத்தையே அமைத்தார்கள். மண்ணை அவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர்கள். அங்கே பயன்படுத்தும் அகடாமா என்பது எரிமலைக் களிமண் குருணை. நம் ஊரில் ஆன்லைனில் சின்னச் சின்னப் பையாகக் கிடைக்கிறது. மேஜை மேல் வைக்கிற மரத்துக்கு வாங்கலாம். நாலடி மரத்துக்கு அதை வாங்கினால் தொட்டி நிறைவதற்குள் பராமரிப்பு நிதி காலியாகிவிடும்.

நம்மிடம் இருப்பது செங்கல். சுட்ட களிமண்தானே அதுவும்! நம் மாடித் தளத்திலேயே சுண்ணாம்போடு கலந்து போட்டிருக்கிறார்களே, அந்தச் செங்கல் ஜல்லியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த நாட்டுச் செங்கலை உடைத்துச் சலிக்க வேண்டும். கட்டுமான வேலைக்கு விற்கும் 10 மி.மீ. சல்லடையில் விழுந்து, 4 மி.மீ. சல்லடையில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. அதற்குக் கீழே விழும் தூள் ஒரு சிட்டிகைகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. உடைக்கும்முன் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் கரைந்து தண்ணீர் சிவந்திருந்தால் அது வேகாத செங்கல், ஆறு மாதத்தில் மறுபடி களிமண்ணாகிவிடும். இடித்த வீட்டுச் செங்கல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் கலவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றும்.

மாடிக்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது. செங்கல் குருணை 6 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 3 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. ஆல், அரசு, இச்சி வகைகளுக்கு இது பொருந்தும். புளிக்கும் போகன்வில்லியாவுக்கும் தேங்காய் மட்டையை 2 பங்காகக் குறைத்துச் செங்கலைக் கூட்டுவேன். தேங்காய் நார்க் கழிவுத் தூளையும் போடலாம், ஆனால் அது இரண்டு வருஷத்தில் மக்கிப் பசையாகிவிடுகிறது. எதுவானாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். வாசலில், தரையில் நிற்கும் தொட்டிக்கு ஒரு பங்கு கழுவிய பெருமணல் சேர்க்கலாம். கனம் கூடும், அங்கே அது நல்லதுதான். எம்-சாண்டில் தூள் அதிகம், கழுவாமல் போட்டால் தொட்டிக்குள் தளம் போட்டது மாதிரி இறுகிவிடும். செம்மண் வேண்டவே வேண்டாமா என்று சி பிளாக் நண்பர் லிஃப்டில் கேட்டார். தரையில் பள்ளம் தோண்டி நடுவதற்குச் செம்மண் அருமையான மண். தாழ்ந்த தொட்டிக்கு வேண்டாம்.

இந்தக் கலவையில் ஒரு சங்கடமும் இருக்கிறது. தண்ணீர் நிற்காது என்றால் மே மாதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊற்றியே ஆக வேண்டும். ஒரு நாள் விட்டால் இலை கருகும். தோட்டக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு யார் மாடிக்குப் போவது? இதற்குப் பதில் இல்லாமல் ஆறு மரம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சொட்டு நீர்க் குழாயும் டைமரும் கொட்டேஷனில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது தொட்டி. ஜப்பானியர்கள் போன்சாயின் அளவை அடிக்கணக்கில் மட்டும் சொல்வதில்லை. தூக்க எத்தனை கை வேண்டும் என்றும் சொல்வார்கள். ஒரு கை மரம், இரண்டு கை மரம், நாலு கை மரம், அப்படியே எட்டு கை வரை. நம் கொட்டேஷனில் உள்ள தொட்டிக்கு எத்தனை கை வேண்டும்? கணக்குப் போட்டேன். வெளி அளவு 120 செ.மீ. நீளம், 80 அகலம், 30 உயரம், சுவர் கனம் 4 செ.மீ. வெறும் தொட்டியே ஏறக்குறைய 190 கிலோ. உள்ளே 210 லிட்டர் கொள்ளும். வீட்டில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி நிறைய ஈரச் செம்மண்ணை எடை போட்டேன், 36 கிலோ. அந்தக் கணக்கில் மண் மட்டும் 375 கிலோவுக்கு மேல். மரத்தையும் சேர்த்தால் 600 கிலோவைத் தொடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் எட்டு பேர் நெருக்கியடித்து, இரவும் பகலும், வருஷக்கணக்கில் நகராமல் நிற்பது மாதிரி.

ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான கூரைக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. அது தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. ஒரே இடத்தில் குவியும் பாரத்தை அதோடு நேராக ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால் நாலு மடங்கு என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் வைக்கக் கூடாது என்று சொல்ல இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. ஏ பிளாக் கடைசி மாடியில் இருப்பவர்கள் சார்பாகவும் இதைச் சொல்கிறேன்.

நல்ல சேதி என்னவென்றால், நாலடி மரத்துக்கு அவ்வளவு பெரிய தொட்டியே தேவையில்லை. பழைய விதி ஒன்று உண்டு. தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு. 120 செ.மீ. மரத்துக்கு 80 செ.மீ. தொட்டி போதும். அடிமரம் 15 செ.மீ. என்றால் ஆழமும் 15. நம் வெயிலுக்கு நான் அதை 20 ஆக்குவேன். புத்தகத்துப் படங்களில் இருப்பது போலத் தட்டு மாதிரித் தொட்டி நம் மாடியில் மே மாதம் தாங்காது. ஆக, 80க்கு 55, ஆழம் 20, ஃபைபர் தொட்டி. உள்ளே 70 லிட்டர். செங்கல் கலவை ஒரு வாளி ஈரத்தோடு 25 கிலோ இருந்தது. தொட்டி, மண், மரம் எல்லாம் சேர்த்து 110 கிலோ பக்கம் வரும். நாலு பேர் சேர்ந்தால், அதாவது எட்டு கை இருந்தால், வெள்ளையடிக்கும்போது நகர்த்திவிடலாம். ஒரு தொட்டிக்கு இருபது, இருபத்தைந்து செங்கல் உடைத்தால் போதும். இதையும் பீம் ஓடும் இடமாகப் பார்த்து, இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டும்.

மற்ற தொட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்ட மண் தொட்டி வேருக்குக் குளிர்ச்சி, ஆனால் இரண்டடிக்கு மேல் போனால் தூக்கும்போது விளிம்பு உடையும். பீங்கான் அழகுதான், அந்த அளவில் விலை எட்டாது. பாதியாக வெட்டிய நீல டிரம் அடிமரம் பருக்கும் வரை வளர்க்க நல்லது, பார்வைக்கு வேண்டாம். சிமெண்ட் தொட்டியே வேண்டும் என்றால் வாசலில் தரையில் வைக்கலாம். புதுத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுத்தான் மரத்தை வைக்க வேண்டும். ஃபைபரில் கறுப்பு நிறம் எடுக்காதீர்கள். மேற்கு வெயில் படும் பக்கத்து வேர் வெந்துவிடும்.

கடையிலேயே ஒன்று செய்யுங்கள். ஒரு குடம் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாக நின்றால் அந்தத் தொட்டி வேண்டாம். 80 செ.மீ. தொட்டிக்கு ஒரு அங்குலத் துளை நாலாவது வேண்டும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அடுத்தது என் சொந்தத் தவறு. சில வருஷம் முன்னால் ஒரு அரச மரத் தொட்டியை மாடித் தளத்தின் மேலேயே நேராக வைத்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து நகர்த்தப் போனால் தொட்டி வரவில்லை. துளை வழியாக வேர் இறங்கி, தட்டோடு இணைப்பில் புகுந்து, அடியில் செங்கல் ஜல்லிக்குள் ஒரு முழ தூரம் ஓடியிருந்தது. கீழ் வீட்டு அம்மா படுக்கையறைக் கூரையில் ஈரம் பூக்கிறது என்று அதற்கு முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார். குழாய் கசிவு என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டோம். தளத்தைப் பெயர்த்துச் சரிசெய்த செலவு, அந்த மரத்தின் விலையைப் போலப் பல மடங்கு. அந்த அம்மா இன்றும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார், அது அவர் பெருந்தன்மை. அன்றிலிருந்து நீளமான கடப்பாக்கல் துண்டு இரண்டை இணையாகப் போட்டு, அதன் மேல் தொட்டி. கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். மாதம் ஒரு தடவை குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து, வெளியே வந்த வேரை நறுக்கிவிடுவேன். அடியில் தட்டு வைப்பதில்லை. தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசுதான் வளரும்.

காற்றையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் தரையில் வேரூன்றிய பெரிய மரங்களே சாய்ந்ததைப் பார்த்தோம். இறக்கை விரித்த மாதிரி நிற்கும் போன்சாய் மொட்டை மாடியில் எம்மாத்திரம்? தொட்டி இலகுவானால் இந்தப் பிரச்சினை கூடும் என்பதையும் மறைக்க மாட்டேன். நடும்போதே துளை வழியாக அலுமினியக் கம்பி விட்டு வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில், அதுவும் கார் நிறுத்தும் பக்கம், எந்தத் தொட்டியும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் மாடிப்படி அறை மறைவுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்தக்கூடிய எடையில் இருந்தால்தானே நகர்த்த முடியும்?

கமிட்டிக்கு என் வேண்டுகோள்: ஆறு மரத்தை நான் எதிர்க்கவில்லை. எனக்கும் ஆசைதான். கொட்டேஷனைத் திருப்பி அனுப்பி, தொட்டியின் அளவையும் பொருளையும் மாற்றச் சொல்லுங்கள், செம்மண்ணையும் அடி ஜல்லியையும் எடுக்கச் சொல்லுங்கள், சொட்டு நீர் சேர்க்கச் சொல்லுங்கள். இடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்து எழுத்தில் தரட்டும். முதலில் இரண்டு மரம் வைத்து ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு மீதி நாலை முடிவு செய்யலாம்.

(பேச்சுக்குப் பின் வந்த கேள்விகளில் இரண்டு.)

பால்கனியில் ஏற்கெனவே செம்மண்ணில் இருக்கும் மரத்தை இப்போதே மாற்றலாமா என்று பி பிளாக் அம்மா கேட்டார். இப்போது வேண்டாம் அம்மா. பிப்ரவரி கடைசி, மார்ச்சில் புதுத் துளிர் கிளம்பும்போது மாற்றுங்கள். மண் முழுவதையும் ஒரேயடியாக உதறிவிடாதீர்கள். இந்த வருஷம் ஒரு பாதி வேர்க்கட்டில் மட்டும் பழைய மண்ணை எடுங்கள், அடுத்த தடவை மறு பாதி. மாற்றிய பின் இரண்டு மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும்.

நம் போர்வெல் தண்ணீர் உப்பாச்சே, மரம் தாங்குமா என்று இன்னொருவர் கேட்டார். குருணைக் கலவையில் மாதம் ஒரு முறை துளை வழியாக நன்றாக ஓடும்படி தண்ணீர் விட்டால் உப்பு அடித்துக்கொண்டு போய்விடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்தால் கழுவும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் செங்கல் உடைத்துச் சலிக்கப்போகிறேன். சல்லடை, சுத்தியல் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் முகக்கவசம் மட்டும் கொண்டு வாருங்கள், செங்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தோட்டக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.